பேய் போய் ரேபிஸ் வந்தால் பயம் குறைந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'குவாரன்டைன்' என்ற பழைய அமெரிக்கப் பேய்ப்படத்தைப் பற்றி வாசகர்கள் எழுதியதை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். (அதைப் பேய்ப்படம் என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் இந்தக் கடிதமே.) காலையில் காபியோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் திட்டியிருந்தார்கள். ஸ்பானிஷ் படத்தின் ஜெராக்ஸ் என்று ஒருவர், கேமரா ஆடிய ஆட்டத்தில் குமட்டிக்கொண்டு வந்தது என்று ஒருவர், கதாநாயகி கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று இன்னொருவர். அதெல்லாம் சரி, அவரவர் கண், அவரவர் காது. ஆனால் ஒரு தம்பி எழுதியிருந்தார்: மூலப் படத்தில் இருந்த பேயை எடுத்துவிட்டு வெறிநாய்க்கடியைக் கொண்டுவந்து படத்தையே சப்பென்று ஆக்கிவிட்டார்களாம், ரேபிஸில் என்ன பயம் இருக்கிறது, ஊசி போட்டால் முடிந்தது என்று. அந்த வரிக்கு மேல் எனக்குக் காபி இறங்கவில்லை.

நான் கால்நடை ஆய்வாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சினிமா விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை, இந்தப் படத்தையும் நானாகத் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரன்தான், "தாத்தா, உங்க டிபார்ட்மென்ட் படம் ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?" என்று போட்டுக் காட்டினான். பார்த்து முடித்ததும், "இது ரீமேக், ஒரிஜினல் இதைவிட பயங்கரமா இருக்கும்" என்றான். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் மறுநாள் ராத்திரி அதையும் பார்த்தோம். ஆக இரண்டையும் அடுத்தடுத்த நாளில், அதுவும் தலைகீழ் வரிசையில், நகலை முதலில் பார்த்தவன் நான். உங்கள் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்பானிஷ் படத்தை முதலில் பார்த்திருக்கிறார்கள் என்பது அவர்கள் எழுதியதிலேயே தெரிகிறது. முதலில் சாப்பிட்ட கடையின் சாம்பார்தான் நாக்கில் நிற்கும், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டிவி நிருபர் பெண், இரவில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிய நிகழ்ச்சிக்காக ஒரு கேமராமேனோடு தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறாள். அங்கே சும்மா சிரித்துப் பேசிக்கொண்டு, கம்பத்தைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அழைப்பு வருகிறது, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கிழவி கத்துகிறாள் என்று. போகிறார்கள், கிழவி கடிக்கிறாள். கீழே இறங்கி வந்தால் வாசல் கதவு வெளியே இருந்து பூட்டியிருக்கிறது, அரசாங்கம் பூட்டியிருக்கிறது. அவ்வளவுதான் கதை. நாம் பார்ப்பதெல்லாம் அந்தக் கேமராமேனின் கேமரா பார்ப்பது மட்டும், பின்னணி இசை என்று ஒன்றும் கிடையாது.

ஸ்பானிஷ் படத்தின் பெயர் 'ரெக்', கேமராவில் பதிவு ஓடும்போது ஓரத்தில் சிவப்புப் புள்ளியோடு வருமே அந்த எழுத்து. ஜாமே பலகேரோ, பாக்கோ பிளாசா என்ற இரண்டு பேர் சேர்ந்து இயக்கியது. பார்சிலோனாவில் ஒரு பழைய கட்டடத்தில் எடுத்து 2007 நவம்பரில் ஸ்பெயினில் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் 2008 அக்டோபரில் அமெரிக்கப் படம் வந்துவிட்டது. அதை இயக்கியவர் ஜான் எரிக் டௌடில், தம்பியோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். பதினோரு மாதம் கூட ஆகவில்லை, மூலப் படத்தின் சூடு ஆறுவதற்குள் நகல். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் அமெரிக்காவில் ஸ்பானிஷ் படம் டிவிடியாக வந்ததே 2009-ல், நகல் வசூலை முடித்துவிட்டுப் போன பிறகு. சப்டைட்டில் படிக்கிற சோம்பேறித்தனத்துக்காக ஒரு படத்தையே திரும்ப எடுக்கிற ஊர் அது. நம் ஊரில் என்றால் தமிழில் டப்பிங் பேசி, போஸ்டரில் ஒரு பாம்பையும் சேர்த்து ஓட்டியிருப்பார்கள், செலவு மிச்சம். அவர்கள் 1 கோடியே 20 லட்சம் டாலர் போட்டு 4 கோடி டாலருக்கு மேல் எடுத்தார்கள். ஆகவே அவர்கள் கணக்கில் அது தப்பில்லை.

ஜெராக்ஸ் என்று சொன்னவரோடு நான் சண்டை போட மாட்டேன். மாடிப்படிச் சுற்றின் நடுவே தீயணைப்பு வீரர் மேலிருந்து தொப்பென்று விழுகிற இடம், கடைசியில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறை, பச்சையாகத் தெரியும் இருட்டுக் கேமரா, எலும்பும் தோலுமாக ஓர் உருவம், நிருபர் பெண் காலைப் பிடித்து இருட்டுக்குள் இழுபட்டுப் போவது என்று எல்லாம் அதே. நிருபர் பெயர் கூட அதே ஏஞ்சலா விடால். இழுபட்டுப் போகிற அந்தக் கடைசிக் காட்சியைத்தான் அமெரிக்கக்காரர்கள் போஸ்டரிலும் போட்டு டிரெய்லரிலும் காட்டினார்கள். இந்தக் கூத்தை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. பாதிப் படத்தில் நான் நாற்காலி நுனிக்கு வந்திருக்கும்போது பேரன் நிதானமாகச் சொல்கிறான், "பயப்படாதீங்க தாத்தா, போஸ்டர்ல இருக்கற சீன் இன்னும் வரல, அதனால அந்த அக்கா இப்ப சாக மாட்டாங்க." பத்தாவது படிக்கிற பையன் கண்டுபிடித்ததை விளம்பரம் செய்தவர்கள் யோசிக்கவில்லை. இந்த ஒரு குற்றத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் அந்தப் பெண் கத்துகிறாள் என்று திட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பானிஷ் படத்தில் நடித்த மானுவேலா வெலாஸ்கோ நிஜமாகவே டிவி தொகுப்பாளினி, அதனால் மைக்கைப் பிடிப்பதிலேயே ஓர் இயல்பு தெரிகிறது. அந்த வேடத்துக்காக ஸ்பெயினின் கோயா விருது, புதுமுக நடிகைக்கானது, அவருக்குக் கிடைத்தது. கேமராமேனாக வருபவரும் அந்தப் படத்தின் நிஜ ஒளிப்பதிவாளரேதான். அவர்களோடு ஒப்பிட்டால் அமெரிக்கப் படத்தின் ஜெனிபர் கார்ப்பென்டர் நடிக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது, சரி. ஆனால் கடைசிக் கால்மணி நேரத்தில் அவருக்கு வார்த்தையே வராமல், மூச்சு மட்டும் இழுத்து இழுத்து, சொல்ல வந்தது பாதியில் அறுந்து அறுந்து போகிறதே, அதைத்தான் உங்கள் வாசகர் மிகை என்கிறார். வெறிநாய் துரத்தி வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் திண்ணையில் வந்து விழுவார்கள், பெயர் கேட்டால் பெயர் வராது, அந்தச் சத்தம்தான் வரும்.

எதற்காக இன்னும் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறான், கேமராவைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். 2008-ல் கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. இன்றைக்கு நடுரோட்டில் லாரி கவிழ்ந்தால் முதலில் எத்தனை கை செல்போனோடு மேலே போகிறது என்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும். அமெரிக்கப் படத்தில் அந்தக் கேமராவாலேயே நோய் பிடித்த ஒருத்தியை அடித்துக் கொன்றுவிட்டு, கண்ணாடியில் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கிறான் கேமராமேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தத் துடைக்கிற இடத்தில்தான்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

ஸ்பானிஷ் படத்தில் கடைசி அறைக்குப் போனால் தெரிகிறது, அது வெறும் நோய் இல்லை, போர்ச்சுக்கல்லிலிருந்து கொண்டுவந்து பூட்டி வைத்த ஒரு பெண்ணைப் பிடித்த பேய் என்று. வத்திக்கானின் ஆளாக ஒரு பாதிரியார் அங்கே தங்கி, அந்தப் பேய்க்கு மருத்துவக் காரணம் தேடி ஆராய்ச்சி செய்திருக்கிறார். அந்த உருவமாக நடித்த ஹாவியர் போதெட் என்பவர் மார்ஃபன் என்ற பிறவிக் குறைபாட்டால் நிஜமாகவே நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பவர், கிராபிக்ஸ் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போக நான் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனேன். கத்தோலிக்க ஊரில் பிறந்த பயம் அது, பாதிரியாரும் பூட்டிய அறையும் சேர்ந்தாலே அவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்கக்காரர்கள் கதையை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனபோது அதைக் கழற்றிவிட்டு, உலகம் அழியப் போகிறது என்று நம்பும் ஒரு கூட்டத்து ஆள் ஆய்வகத்திலிருந்து ரேபிஸ் கிருமியைத் திருடி வந்தான், அது உருமாறிவிட்டது என்று மாற்றினார்கள். படம் முழுவதும் நகல் என்று சொல்கிறோம், அவர்கள் சொந்தமாக யோசித்த ஒரே இடம் இதுதான். அதையும் சப்பென்று இருக்கிறது என்றால் எப்படி?

1990-களின் தொடக்கம். ஒரு கிராமத்தில் கறவை மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, எச்சில் ஒழுக்குகிறது, விடாமல் கத்துகிறது என்று சொல்லி விட்டார்கள். சைக்கிளில் போய் இறங்கும்போதே அந்தக் கத்தல் கேட்டது. மாடு கன்றைத் தேடிக் கத்துவது வேறு, பசியில் கத்துவது வேறு. இது தொண்டை கட்டிப்போய், உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி, நிறுத்தாமல். வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "தொண்டையில மாங்கொட்டை மாட்டியிருக்கும்னு கையை விட்டுப் பார்த்தேன் சார், ஒண்ணும் அகப்படல" என்றார், முழங்கை வரை இன்னும் எச்சில் காயாமல். விரலில் கருக்கரிவாள் கீறிய பழைய காயம் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே கால் சில்லிட்டுப் போனது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னால் தெருநாய் ஏதாவது மாட்டைக் கடித்ததா என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை, அவர் மனைவிதான் கொட்டகைப் பக்கம் ஒரு நாய் வந்தது, மூக்கில் ரத்தம் இருந்தது என்றார். மூன்றாம் நாள் மாடு செத்தது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசிதான். ஆட்டு மூளையில் தயாரிப்பது, 14 நாள் வயிற்றில் குத்துவார்கள், வீங்கிக்கொண்டு வலி உயிர் போகும். நம் குன்னூரில் 1907-லிருந்து இருக்கிற பாஸ்டர் நிலையத்தில் அந்த மருந்தைத்தான் தயாரித்தார்கள். 2004-ஓடு அதை நாடு முழுக்க நிறுத்திவிட்டு இப்போதைய கை ஊசிக்கு மாறிவிட்டார்கள். அந்த விவசாயியும் போட்டுக்கொண்டார், மாட்டின் வாயைத் திறந்து பார்த்த நானும் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஊசியின் வலியை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றிப் பார்ப்பேன். இறங்குகிறதா? இறங்கியது. சரி, இன்றைக்கு இல்லை. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், எதுவும் கேட்க மாட்டாள்.

ரேபிஸின் பயம் அதுதான் தம்பி. அதற்கு அவசரமே கிடையாது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக ஊர்ந்து ஊர்ந்து மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும். அதுவரை ஊசிக்கு வேலை உண்டு. தண்ணீரைப் பார்த்துத் தொண்டை இழுக்க ஆரம்பித்த பிறகு எந்த ஊசியும் கேட்காது, ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். ஊசி போட்டால் முடிந்தது என்று எழுதுகிறோம், முடியாமல் போனவர்கள் இத்தனை பேர்.

மனிதரில் அந்த நோயை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் வீட்டு ஆள், ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்தார்கள். சினிமாவில் வருகிற மாதிரி வாயில் நுரை தள்ளிக்கொண்டு பாய்வார் என்று நினைத்துப் பயந்துகொண்டேதான் போனேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அந்த ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க சார், காத்து பட்டா தொண்டை இழுக்குது" என்றார், ரொம்ப மரியாதையாக. அடுத்த நாள் அவர் இல்லை. தனக்கு என்ன என்பது நடுநடுவே அவருக்கு முழுசாகப் புரிந்துகொண்டிருந்தது. இதை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

ஆகவே அமெரிக்கப் படத்தின் மேல் என் புகார் உங்கள் வாசகருடைய புகாருக்கு நேர் எதிர். பேயை எடுத்துவிட்டு ரேபிஸைக் கொண்டுவந்தது நல்ல யோசனை, கொண்டுவந்த பிறகு அதைப் பேயாகவே ஆக்கிவிட்டார்கள். கடித்த கொஞ்ச நேரத்தில் வெறி பிடித்துப் பாய்கிறார்கள். உருமாறிய கிருமி என்று ஒரு வரியில் சமாளித்துவிடலாம், சமாளிக்கவும் செய்கிறார்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்கு, உறுப்பு மாற்று சிகிச்சையில் நடந்த சிலவற்றைத் தவிர, இது பரவுவதே இல்லை என்பதையும் விட்டுவிடலாம், சினிமாதானே. ஆனால் உலகத்திலேயே மிகப் பொறுமையான கிருமியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் பொறுமையைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் அது எந்தக் கிருமியாக இருந்தால் என்ன? கடிபட்டவன் ஒருவன், கடிபட்டதை மறைத்துக்கொண்டு, எல்லோரோடும் அந்தப் பூட்டிய வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் பயந்து பயந்து குடித்துப் பார்க்கிறான் என்று எடுத்திருந்தால்! பேரனிடம் இதைச் சொன்னேன். "மூணு மாசம் கேமராவுக்கு யாரு தாத்தா சார்ஜ் போடறது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு துளி அந்தப் படத்திலும் இருக்கிறது, அதை யாருமே குறிப்பிடவில்லை. அந்தக் குடியிருப்பில் வசிப்பவர்களில் ஒருவர் கால்நடை மருத்துவர். நாய்களுக்கு வரும் ரேபிஸ் மாதிரி இருக்கிறதே என்பது அவருக்குத்தான் முதலில் தட்டுகிறது. அந்த நடிகர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார் பாருங்கள், சொல்லக்கூடாததைச் சொல்கிற மாதிரி. எனக்கு அந்த மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் அந்தக் குழந்தையின் அம்மா. பிள்ளைக்கு வெறும் மார்ச்சளிதான் என்று மடியில் போட்டு மறைத்துக்கொண்டே இருக்கிறாள், வீட்டு நாய் உடம்பு சரியில்லாமல் டாக்டரிடம் இருக்கிறது என்பது பேச்சோடு பேச்சாக வெளியே வருகிறது, அந்த நாயிடமிருந்துதான் எல்லாம் தெரியவருகிறது. இது ஸ்பானிஷ் படத்திலும் உண்டு, அங்கே தொண்டை வலி. இரண்டு அம்மாக்களையும் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை.

வராததற்குக் காரணம் 2020. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். யார் அடித்தது, யார் சொல்லி அடித்தது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். உள்ளே நான்கு பேர், அதில் ஒரு கைக்குழந்தை. பால் பாக்கெட்டை ஒரு தொரட்டிக் கம்பு நுனியில் மாட்டி நான்தான் தகரத்துக்கு மேலே தூக்கிக் கொடுப்பேன், உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வரும். "வெளியே என்ன சார் பேசிக்கிறாங்க?" என்று தினமும் அந்தக் கை கேட்கும். ஒன்றும் பேசவில்லை என்பேன், பொய்தான். அமெரிக்கப் படத்தில் ஜன்னல் வழியாகத் தப்பப் பார்க்கிறவரை வெளியே இருந்து சுடுகிறார்கள். 2008-ல் பார்த்தவர்கள் அதை மிகை என்றுதான் நினைத்திருப்பார்கள், நான் இப்போது பார்த்ததால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிக்கிற கிழவியைவிட, மெகாபோனில் 'அமைதியாக இருங்கள்' என்று சொல்லிவிட்டு வேறெதுவும் சொல்லாத அந்த வெளி உலகம்தான் இரண்டு படத்திலும் என்னை உறுத்தியது. அந்த விஷயத்தில் நகலும் மூலமும் சமம்.

ஸ்பானிஷ்காரர்கள் அதற்குப் பிறகு மூன்று பாகம் எடுத்தார்களாம், 2014 வரை. இரண்டாவதைக் கொஞ்சம் பார்த்தேன், பேயைப் பற்றி விளக்கோ விளக்கு என்று விளக்க ஆரம்பித்ததும் எனக்கிருந்த பயம் போய்விட்டது. அமெரிக்கர்களும் 2011-ல் விமான நிலையத்தில் ஒன்று எடுத்தார்கள், அதில் அந்தக் கைக்கேமரா சமாசாரத்தையே விட்டுவிட்டார்கள் என்றான் பேரன். அதோடு எழுந்துவிட்டேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசகர் கருத்து என்று போடுவது உங்கள் உரிமை. ஆனால் 'ரேபிஸ்தானே, ஊசி போட்டால் முடிந்தது' என்ற வரிக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து அடுத்த வாரம் போட்டுவிடுங்கள். கடித்ததும், கீறல் என்றாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாய் வீட்டு நாய் என்றாலும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும், இரண்டோடு நிறுத்திவிடக் கூடாது. இவ்வளவுதான். சினிமாப் பக்கத்தில் இடம் இல்லை என்றால் ராசிபலனுக்குப் பக்கத்திலாவது போடுங்கள், அங்கேதான் எல்லோரும் படிக்கிறார்கள்.

என் பெயர் வேண்டாம். சம்பந்தி வீட்டில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள், பத்தாவது படிக்கிற பையனுக்கு ராத்திரி பேய்ப்படம் போட்டுக் காட்டியது தெரிந்தால் வம்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
திண்டுக்கல் மாவட்டம்

பின்குறிப்பு: இரண்டாவது படம் முடிந்த ராத்திரி தூக்கம் வராமல், மகள் வீட்டு நாயின் ஊசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். போன நவம்பரோடு கெடு முடிந்திருந்தது. 31 வருடம் ஊர் நாய்க்கெல்லாம் போட்டவனின் வீட்டில்! காலையில் காபி கூடக் குடிக்காமல் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.